கேமிங் கம்ப்யூட்டருக்கு எஸ்.எஸ்.டி. வாங்கப் போகிறீர்களா? முதலில் இடம், அப்புறம்தான் வேகம்

கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் பிராசஸர் ரைசன் 5 7600 என்று இருந்தது, மதர்போர்டு பி650 என்று இருந்தது, கிராஃபிக்ஸ் கார்டுக்கு கம்பெனி, மாடல், எத்தனை ஜி.பி. என்பது வரை எல்லாம் இருந்தது. கேமும் ஃபைலும் சேமிக்கிற எஸ்.எஸ்.டி. வரியில் மட்டும் ‘1 டி.பி. என்.வி.எம்.இ.’ என்று போட்டு முடித்துவிட்டார்கள். அக்கா வீட்டுக்காகக் கட்டுகிற கம்ப்யூட்டர் இது. பையன் கேம் விளையாடுவான், மற்ற நேரத்தில் வீட்டில் எல்லோரும் புழங்குவார்கள். போன் போட்டு என்ன மாடல் என்று கேட்டால், “எது ஸ்டாக்ல இருக்கோ அது சார், எல்லாம் ஒண்ணுதான்” என்றார்கள். அக்கா பையனோ இன்னொரு பக்கம், “மாமா, ஜென் 5 போட்டுடலாம், 14,000 எம்.பி. ஸ்பீடு வருது” என்று யூடியூப் வீடியோவைக் காட்டுகிறான். ஜென் என்பது டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் பாதையின் தலைமுறை.

இரண்டு பேர் சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாம் ஒன்று இல்லை, ஆனால் வித்தியாசம் இருப்பது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கிற அந்த எண்ணிலும் இல்லை. கேமிங்குக்கு என்றால் 2 டி.பி., டி.எல்.சி. வகை (அது என்ன என்று கீழே வருகிறது), ஜென் 4. இதுதான் என் முடிவு, ஏன் என்று விலாவாரியாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வேக எண். கேபிளில் மாட்டுகிற பழைய வகையான சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. வரை படிக்கும். மதர்போர்டிலேயே இருக்கும் எம்.2 ஸ்லாட்டில் போடுகிற என்.வி.எம்.இ. வகையில் ஜென் 3 என்றால் 3,500, ஜென் 4 என்றால் 7,000 சொச்சம், ஜென் 5-இல் 14,000-க்கும் மேல் போகிற டிரைவ்கள் வந்துவிட்டன. காகிதத்தில் பார்த்தால் ஒவ்வொரு ஜென்னும் முந்தையதைவிட இரண்டு மடங்கு. ஆனால் இந்த எண்கள் எல்லாம் ஒரே பெரிய ஃபைலை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நேராகப் படிக்கும்போது வருபவை. கேம் அப்படிப் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்கங்கே தேடி எடுக்கிறது. இந்த மாதிரி 4 கே.பி. துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேகத்தைப் பார்த்தால், மிக நல்ல டிரைவ்கூட நொடிக்கு 100 எம்.பி.யைத் தாண்டத் திணறும். ஜென் 4, ஜென் 5 எல்லாம் இங்கே வந்தால் கிட்டத்தட்ட பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். (இன்டெல் ஆப்டேன் என்று ஒரு டிரைவ் வகை இருந்தது, இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. 2022-இல் இன்டெல் அந்தத் தொழிலையே மூடிவிட்டது. எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.)

இன்னொன்று, படித்து வந்த டேட்டா சுருக்கப்பட்ட நிலையில் இருக்கும். அதை பிராசஸர் விரிக்க வேண்டும், ஷேடர் (கிராஃபிக்ஸ் கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சின்ன புரோகிராம்) தயாராக வேண்டும், அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டின் மெமரிக்குப் போக வேண்டும். பரிமாறுகிறவர் எவ்வளவு வேகமாகப் பரிமாறினாலும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் சாப்பிடுகிற வேகத்தில்தான் பந்தி முடியும். அதனால்தான் ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது லோடிங் நேரம் தலைகீழாக மாறுகிறது, ஆனால் சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால் பெரும்பாலான கேம்களில் சில நொடிகள்தான் குறைகின்றன, ஜென் 4-இலிருந்து ஜென் 5-க்கு மாறினால் கடிகாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

எஸ்.எஸ்.டி.யிலிருந்து கேம் டேட்டாவை வேகமாக எடுக்க விண்டோஸில் டைரக்ட்ஸ்டோரேஜ் வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். பையனும் கேட்டான். நல்ல கேள்விதான். பி.எஸ். 5 கேம் கன்சோல் 2020-இல் வந்தபோது அதன் உள்ளே இருந்த எஸ்.எஸ்.டி. நொடிக்கு 5.5 ஜி.பி. படித்தது, அதைவிட முக்கியமாக, டேட்டாவை விரிப்பதற்கென்றே தனி ஹார்ட்வேர் இருந்தது. கம்ப்யூட்டரிலும் அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்றுதான் மைக்ரோசாஃப்ட் 2022-இல் டைரக்ட்ஸ்டோரேஜை வெளியிட்டது, அப்புறம் 1.1 பதிப்பில் விரிக்கிற வேலையை கிராஃபிக்ஸ் கார்டே செய்ய வழி வந்தது. 2023-இல் ஃபார்ஸ்போக்கன் என்ற கேம் அதைப் பயன்படுத்தியது, அதே வருடம் கம்ப்யூட்டருக்கு வந்த ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் கிராஃபிக்ஸ் கார்டு விரிப்பையும் சேர்த்துப் பயன்படுத்தியது. அந்த கேமில் ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடுவில் லோடிங் திரை இல்லாமல் தாவுவதைப் பார்த்தால் உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கும். ஆனால் இந்த வசதியை முழுசாகப் பயன்படுத்துகிற கேம்கள் இன்னும் சொற்பம்தான், அவையும் ஜென் 4-இலேயே நன்றாக ஓடுகின்றன. கேம் எழுதுகிறவர்கள் சாட்டா எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவரையும் விட்டுவிட முடியாதே. ஜென் 5-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் இன்றைய கேமில் எங்கேயும் தெரியாது. பெரிய வீடியோ ஃபைல்களை நாள் முழுக்க அங்கே இங்கே நகர்த்துகிறவர்கள் வாங்கட்டும், அவர்களுக்கு அது தேவை.

சரி, அந்தப் பணத்தை எங்கே போடுவது? இடத்தில். 1 டி.பி. என்று வாங்கினால் விண்டோஸ் அதை 931 ஜி.பி. என்றுதான் காட்டும். விண்டோஸும் மற்ற புரோகிராம்களும் போக, டிரைவை முழுசாக நிரப்பாமல் பத்து சதவீதமாவது காலியாக விட வேண்டும் என்பதும் போக, கையில் நிற்பது 780 ஜி.பி. பக்கம். இப்போது கேம்களைப் பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜி.பி. கேட்கிறார்கள். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் 150. ஸ்டார்ஃபீல்டு 125. சைபர்பங்க் 2077-க்கு 70, அதுவும் 2023-இல் 2.0 அப்டேட்டோடு ஹார்ட் டிஸ்கை நிறுத்திவிட்டு எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்று மாற்றிவிட்டார்கள். ஸ்டார்ஃபீல்டும் பால்டர்ஸ் கேட்டும் எஸ்.எஸ்.டி. வேண்டும் என்று முதலிலேயே சொன்னவை. இந்த நான்குக்கே 495 ஜி.பி. போய்விட்டது. நண்பர்களோடு விளையாட ஒரு ஷூட்டர், ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்று என்று சேர்ந்தால் டிரைவ் ரொம்பிவிடும், அப்புறம் எதை அழிப்பது என்று பட்டியல் போட வேண்டியதுதான்.

அழித்துவிட்டு மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம்தான். வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு என்றால் 150 ஜி.பி. இறங்க, லைன் ஒரு நொடிகூடத் தடுமாறாமல் இருந்தால்கூட, மூன்று மணி நேரம் இருபது நிமிடம். அந்த நேரத்தில் அக்கா ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். லோடிங்கில் ஒரு நொடி மிச்சம் பிடிக்க ஜென் 5 வாங்கிவிட்டு, இடம் இல்லாமல் மூன்று மணி நேரம் டவுன்லோடுக்குக் காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

அடுத்தது டி.எல்.சி., கியூ.எல்.சி. விஷயம். கொட்டேஷனில் மாடல் பெயர் இல்லாதது என்னை உறுத்தியதற்குக் காரணமே இதுதான். ஃபிளாஷ் மெமரியில் ஒரு செல்லுக்குள் மூன்று பிட் வைத்தால் டி.எல்.சி., நான்கு பிட் வைத்தால் கியூ.எல்.சி. கேட்க ஒரு பிட் தானே என்று தோன்றும். மூன்று பிட்டுக்கு ஒரு செல்லில் 8 மின்னழுத்த நிலைகளைப் பிரித்துப் பார்த்தால் போதும், நான்கு பிட்டுக்கு 16 நிலைகள். அவ்வளவு நெருக்கத்தில் துல்லியமாக எழுதுவதற்கு நேரம் பிடிக்கும், செல்லும் சீக்கிரம் தேயும். இதை மறைக்க எல்லா டிரைவ்களும் ஒரு வேலை செய்கின்றன: காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒரே ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் அதை மூன்றாகவோ நான்காகவோ அடுக்கிக்கொள்கின்றன. எஸ்.எல்.சி. கேஷ் என்பது இதுதான். அட்டையில் போட்டிருக்கும் எழுதும் வேகம் இந்த கேஷ் இருக்கும்வரைதான். டிரைவ் நிரம்ப நிரம்ப காலி செல் குறையும், கேஷும் சுருங்கும். கேஷ் தீர்ந்ததும் நல்ல டி.எல்.சி. டிரைவ் ஆயிரம் எம்.பி.க்குக் குறையாமல் தாக்குப்பிடிக்கும், மலிவான கியூ.எல்.சி. 100 எம்.பி. பக்கம் விழுந்துவிடும், அதாவது சாதாரண ஹார்ட் டிஸ்கைவிட மெதுவாக.

ஆனால் கியூ.எல்.சி.யை ஒரேயடியாகத் திட்டவும் மாட்டேன். இணையத்திலிருந்து கேம் இறங்கும் வேகத்தைக் கணக்குப் போடுங்கள், 100 எம்.பி.பி.எஸ். இணைப்பில் நொடிக்கு 12.5 எம்.பி.தான் வரும். எந்த கியூ.எல்.சி.யும் அதற்குத் திணறாது. பழைய டிரைவிலிருந்து ஸ்டீம் தளத்தில் வாங்கிய கேம்களை ஐநூறு, அறுநூறு ஜி.பி. மொத்தமாக நகர்த்தும்போதுதான் அதன் பலவீனம் தெரியும். படிக்கிற வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆகவே விண்டோஸ் இருக்கிற முதல் டிரைவ் டி.எல்.சி.யாக இருக்கட்டும், பின்னால் கேம் மட்டும் வைக்க இரண்டாவது டிரைவ் போடும்போது விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் கியூ.எல்.சி. வாங்கலாம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் டி.எல்.சி.தான்.

எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 1 டி.பி. டி.எல்.சி. டிரைவுகளில் பொதுவாக 600 டி.பி. எழுதும்வரை, அல்லது ஐந்து வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி. ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் தினம் 328 ஜி.பி. தினம் இரண்டு பெரிய கேமை இறக்கினாலும் அதைத் தொட முடியாது. கேமுக்கு வாங்குகிறவர்கள் இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டி-ரேம் கேஷ் உள்ளது வேண்டுமா, இல்லாதது போதுமா என்று ஒரு பெரிய விவாதம் ஓடிக்கொண்டிருக்கும். எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்கிற வரைபடத்தை வைத்துக்கொள்ள சில டிரைவ்களில் தனி மெமரி சிப் இருக்கும். இல்லாதவை கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம், பெரும்பாலும் 64 எம்.பி., கடன் வாங்கிக்கொள்ளும். கேம் விளையாடுகிறவருக்கு இரண்டாவது வகையே தாராளம். டபிள்யூ.டி. பிளாக் எஸ்.என்.770, அதற்கப்புறம் வந்த எஸ்.என்.7100 எல்லாம் தனி டி-ரேம் இல்லாதவைதான், கேமிங்கில் சக்கைப்போடு போடுகின்றன. டி-ரேம் உள்ளதுதான் வேண்டும் என்றால் சாம்சங் 990 ப்ரோ, டபிள்யூ.டி. பிளாக் எஸ்.என்.850எக்ஸ், கிங்ஸ்டன் கே.சி.3000 மூன்றும் நல்லவை.

இப்போது “எல்லாம் ஒண்ணுதான்” என்ற அந்த பதிலுக்கு வருகிறேன். ஒரே பெயரில் விற்கிற டிரைவே எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 2021-இல் குரூஷியல் பி2 டி.எல்.சி.யிலிருந்து கியூ.எல்.சி.க்கு மாறியது, பெயர் அப்படியே. அதே வருடம் டபிள்யூ.டி. புளூ எஸ்.என்.550-இன் ஃபிளாஷ் மாறி, கேஷ் தீர்ந்த பிறகான வேகம் பாதியாகிவிட்டதைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். இனிமேல் மாற்றினால் புது மாடல் எண் கொடுப்போம் என்று அந்த கம்பெனி அறிவிக்க வேண்டியதாயிற்று. ஏடேட்டா எஸ்.எக்ஸ்.8200 ப்ரோவில் டிரைவை நடத்துகிற சிப்பான கன்ட்ரோலரே மாறியது. கிங்ஸ்டன் என்.வி.2-இல் எந்த கன்ட்ரோலர், எந்த ஃபிளாஷ் வரும் என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். விமர்சனத்துக்கு அனுப்பிய டிரைவ் ஒன்று, கடையில் கிடைப்பது இன்னொன்று என்பது வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான், இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை. அதனால் மாடல் பெயரோடு கொட்டேஷன் வாங்குங்கள், பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் அந்த சீரியல் எண்ணை கம்பெனி தளத்தில் போட்டு இந்தியாவில் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் விசாரித்தாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இது பொருந்தும். நம்ப முடியாத விலையில் கிடைக்கிற சாம்சங் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். விலையை இங்கே நான் எழுதவில்லை, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் ஃபிளாஷையும் ரேமையும் அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, இன்று எழுதினால் அடுத்த வாரம் செல்லாது. மைக்ரான் அந்த டிசம்பரில் குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாரண்டி தொடரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் மதர்போர்டின் மேனுவலை ஒரு தடவை திறந்து பாருங்கள். எல்லா எம்.2 ஸ்லாட்டும் சமம் இல்லை. பி550 போர்டில் முதல் ஸ்லாட் ஜென் 4, பிராசஸரிலிருந்து நேராக வராமல் மதர்போர்டின் சிப்செட் வழியாக வருகிற இரண்டாவது ஜென் 3. அந்த முதல் ஸ்லாட்டும்கூட பிராசஸரைப் பொறுத்தது: கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் கட்டுகிறவர்கள் விரும்பி வாங்குகிற ரைசன் 5 5600ஜி-யில் ஜென் 3-க்கு மேல் கிடையாது. இன்டெல் பக்கம் சில போர்டுகளில் ஜென் 5 எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் 16 லேன் (டேட்டா போகும் பாதை) எட்டாகக் குறையும். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 போட்டதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது.

வெயில் விஷயத்தை சென்னையில் இருக்கிறவன் சொல்லாமல் போக முடியாது. மே மாதம் ஏ.சி. இல்லாத அறை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட், கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே எம்.2 ஸ்லாட் என்றால் கன்ட்ரோலர் சூடாகி வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். ஜென் 5 டிரைவ்கள் இதில் இன்னும் மோசம், சூட்டை இழுத்து வெளியேற்றும் பெரிய ஹீட் சிங்க் தகடு இல்லாமல் தாங்காது. பி650 போர்டில் முதல் ஸ்லாட்டுக்குப் பொதுவாக ஹீட் சிங்க் சேர்ந்தே வரும், அதனால் எஸ்.எஸ்.டி.யை ஹீட் சிங்க் இல்லாத வகையாகவே வாங்கினோம். அந்த ஹீட் சிங்கின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு தெர்மல் பேட் இருக்கும், அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் அதை உரித்துவிட வேண்டும். உரிக்காமலே கட்டிக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. கடையில் கட்டினால் பக்கத்தில் நின்று பாருங்கள். மதர்போர்டு பெட்டியையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டாவது ஸ்லாட்டுக்கான கடுகு அளவு ஸ்குரூ அதற்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரில் இருக்கும், தொலைந்தால் அந்த அளவில் வேறு தேடி அலைய வேண்டும்.

விண்டோஸ் போடும்போது புது எஸ்.எஸ்.டி. தவிர வேறு எந்த டிரைவும் மாட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய டிரைவ் கூடவே இருந்தால், கம்ப்யூட்டரை எழுப்புகிற பூட் பார்ட்டிஷன் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னாளில் அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. போட்டு முடித்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். அதில் டிரான்ஸ்ஃபர் மோடு என்ற இடத்தில் இப்போது ஓடுகிற வேகமும் டிரைவால் முடிகிற வேகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஜென் 4 டிரைவ் என்றால் இரண்டு பக்கமும் 4.0 எக்ஸ்4 என்று இருக்க வேண்டும். டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். புது டிரைவில் நூற்றுக்கணக்கான மணி நேரம் காட்டினால் அது புது டிரைவ் இல்லை, அன்றைக்கே கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் அப்டேட்டையும் தள்ளிப் போடாதீர்கள். 2024-இல் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது 2 டி.பி. எஸ்.என்.770 வைத்திருந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் நின்றுபோய் நீலத் திரை வந்தது. விண்டோஸ் அந்த டிரைவுக்கு முன்பைவிட அதிகமாக ரேமைக் கடன் கொடுத்ததுதான் காரணம், புது ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. சாம்சங் 980 ப்ரோவின் பழைய ஃபர்ம்வேரில் டிரைவ் எழுத முடியாத நிலைக்குப் போய் பூட்டிக்கொண்ட கதையும் உண்டு.

கடைசியில் நாங்கள் வாங்கியது 2 டி.பி. எஸ்.என்.7100. ஜென் 5-இலிருந்து மிச்சமான பணத்தில்தான் 1 டி.பி. 2 டி.பி. ஆனது, பையனுக்கு முதலில் முகம் கொஞ்சம் சுருங்கியது, இடத்தைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. அவன் கேம் சேவ் எல்லாம் பெரும்பாலும் ஸ்டீம் கிளவுடில் இருக்கும், டிரைவ் போனாலும் திரும்ப வந்துவிடும். அக்காவின் போட்டோக்கள் அப்படி இல்லை. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லும், எஸ்.எஸ்.டி. நேற்று ஓடியிருக்கும், இன்று கம்ப்யூட்டர் தொடங்கும்போது வருகிற பயாஸ் திரையிலேயே தெரியாது, அழிந்ததை மீட்பதும் மிகக் கடினம். அதனால் பழைய கம்ப்யூட்டரில் இருந்த 1 டி.பி. ஹார்ட் டிஸ்கை ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மாதம் ஒரு முறை போட்டோ ஃபோல்டரை அதில் காப்பி எடுப்பது பையனின் பொறுப்பு.